மலையை மறைத்த கட்டடம்

அல்மாட்டியில் ஒராஸ்பெக்கின் பால்கனிக்கு எதிரே எழும்பிய முப்பது மாடிக் கட்டடம் மலையை முழுக்க மறைத்துவிட்டது. தினமும் மாலையில் அவர் அதையே வெறித்துக்கொண்டு நிற்பார்.

"இனி வயித்தெரிச்சல் வேண்டாம்ணே," என்றார் பக்கத்து வீட்டுத் தெல்மான். "இன்னியோட வேலை முடியுது. நாளைக்கு கிரேனைக் கழட்டுறாங்களாம்."

"நாளைக்கேவா?"

தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஒராஸ்பெக் படியிறங்கினார்.

கட்டட வாசலில் காவலாளி அலுத்துக்கொண்டான். "புகார்னா ஆபீசுக்குப் போங்க, பெரியவரே."

"புகார் இல்லப்பா." அவர் கிரேன் உச்சியிலிருந்த கூண்டைக் காட்டினார். "அதை ஓட்டுறது என் மக. கல்யாணச் சண்டையில வீட்டை விட்டுப் போனவ. ரெண்டு வருஷமா அங்கதான் அவளைப் பார்க்கிறேன். அப்பா கீழ நிக்கிறேன்னு சொல்லு."

காவலாளி வாக்கி டாக்கியில் சொன்னான்.

மேலே சுழன்றுகொண்டிருந்த கிரேன் நின்றது.