மூன்றாவது புள்ளி

நான்கு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கிறது. திரையில் பச்சைக் கோடு தட்டையாகக் கிடக்கிறது. ஈயச் சுவருக்கு அப்பால், கடுங்குளிரில் இருக்கும் படிகத்தின் மேல் எக்ஸ் கதிர் பட்டுச் சிதறுகிறது. படிகத்துக்குள் ஓடும் காந்த அலை அந்தக் கோட்டில் கடுகளவு மேடாகத் தெரிய வேண்டும். காலையில் படிகம் இம்மியளவு நகர்ந்துவிட்டது. அதை நேராக்கியே பொழுது போயிற்று. நான்கு மணிக்கு முறை வரும் அடுத்த குழு, பெட்டியோடு வாசலில் நிற்கிறது. "விண்ணப்பம் போட்டு ஒரு வருஷம் காத்திருந்து வந்தேன். இந்தக் கல்லுக்கு என் மேல என்ன கோவமோ!" என்று ஆய்வாளர் பேனாவை மேசையில் தட்டுகிறார். கோடு லேசாக உயர்கிறது. ஒரு புள்ளி, பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவது விழுமுன் மணி நான்காகிறது; கதிர் நிற்கிறது. "ரெண்டு புள்ளிய வெச்சு என்ன மேடம் எழுதுவீங்க?" என்று கருவியை இயக்குபவர் தயங்கிக் கேட்கிறார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஆய்வாளர் சொல்கிறார்: "இன்னொரு விண்ணப்பம்."