கல்லின் அந்தப் பக்கம்

மனோர் பார்க் வீட்டுக் குசினியில் காலை ஏழு மணிக்கும் குளிர்கால இருட்டில் லைட் எரிகிறது. தவமலர் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுப் பாணுக்குப் பட்டர் பூசுகிறாள். திரையில் ஜப்பான், அங்கே பின்னேர வெயில். கோயில் முற்றத்தில் மகள் ஆரணி ஒரு கல்லின் முன்னால் நிற்கிறாள். வந்தவர்கள் எல்லாம் வேண்டுதல் எழுதி ஒட்டிய வெள்ளைக் கடதாசிகளால், அந்தக் கல் மயிர் கத்தரிக்காத செம்மறியாடு போலச் சடைத்துக் கிடக்கிறது. நடுவில் ஓர் ஆள் தவழ்ந்து போகுமளவு ஓட்டை.

“பிள்ளைவரம் குடுக்கிற கோயிலோ, தம்பி?”

“அது நேற்றுப் போனது, மாமி.” படம் பிடிக்கும் மருமகன் நிரோஜன் சிரிக்கிறான். “இது உறவுக்கு. பூந்து அந்தப் பக்கம் போனா வேண்டாத உறவு அறுமாம். திரும்பித் தவழ்ந்து வந்தா நல்ல உறவு சேருமாம். அவ வரேக்க கைபிடிக்க நான் இதில நிக்கிறன்.”

ஆரணி குனிகிறாள். கடதாசிகள் சரசரக்கின்றன. சப்பாத்தின் அடி கடைசியாக மறைகிறது. கல்லுக்கு மேலாக அவள் தலை எழும்புகிறது. கூந்தலில் ஒரு கடதாசித் துண்டு. அவள் அதைத் தட்டிவிடவில்லை. கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டுகிறாள்.

“ஆரணி, திரும்பி வாவன்.” நிரோஜன் இன்னும் சிரிக்கிறான். “வா.” இப்போது சிரிப்பில்லை.

பட்டர் கத்தி பாணைக் கிழித்துக்கொண்டு தவமலரின் உள்ளங்கையில் முட்டி நிற்கிறது. ஆரணி அவனைப் பார்க்காமல் நேரே போனைப் பார்க்கிறாள்.

“அம்மா, நான் அந்தப் பக்கம் வரமாட்டன்.”

திரையில் கல்லும் வெயிலும் மகளும் ஆடத் தொடங்குகிறார்கள். அங்கே போன் நிரோஜன் கையில் அல்லவா இருக்கிறது.