அசல் பதிவு

“அந்தப் பத்துப் பாட்டை மட்டும் தொடாதே. இருக்கறபடியே இருந்துட்டுப் போகட்டும்.”

சொல்லிவிட்டு, வேலைபார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார் அண்ணன். தம்பிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அப்பா பெரிய பாடகர். அவர் போய் மூன்று வருஷம். அவர் பாடியதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று இணையத்தில் ஒரு இசை நூலகம் வைத்திருந்தான் தம்பி. ஆனால் எல்லாம் இடத்தை மிச்சம் பிடிக்கச் சுருக்கி வைத்த எம்பி த்ரீ ஃபைல்கள். சுருக்கினால் சன்னமான சத்தமெல்லாம் உதிர்ந்துபோகும். அதனால் லீவு போட்டு வீட்டுக்கு வந்து, ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு, சுருக்காத அசல் பதிவை அதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டில் பத்துதான் பாக்கி. அப்பா தன் கடைசி வருஷத்தில் இதே வீட்டில் பதிவு செய்தவை. அப்போது தம்பி வேலையாக வெளியூரில் இருந்தான். அண்ணன் சுருக்கி அனுப்பியதைத்தான் நூலகத்தில் போட்டிருந்தான். அசல் அண்ணன் கையில்.

“பொறாமை, அண்ணி. வேற என்ன?” என்றான். “அண்ணனும் அப்பாகிட்ட பத்து வருஷம் கத்துக்கிட்டவர்தானே? முதல் தடவை மேடை ஏறணும்னதும் பயந்து ஓடிப்போய், லென்ஸ் தேய்க்க உட்கார்ந்துட்டார். அப்பா தொண்டையில அவ்வளவு பெரிய நோயோட பாடினதை ஊரே கொண்டாடுது. இவருக்குப் பொறுக்கலை.”

அண்ணி பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து கைக்கடக்கமான ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“எடுத்துக்கோங்க தம்பி.”

“அண்ணன் கேட்டா?”

“நான்தான் குடுத்தேன்னு சொல்லுங்க. ஆனா, வெளியில போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லாக் கேட்டுடுங்க.”

அப்பாவின் பதிவு அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க ஸ்பாஞ்ச். கதவைச் சாத்திவிட்டால் பட்டப்பகல்கூடத் தெரியாது. வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது.

தம்பி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான்.

முதல் பாட்டு. அடேயப்பா! காதோரம் நின்று பாடுகிற மாதிரி குரல். இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவதில், குரலுக்குப் பின்னால் என்னவோ கேட்டது.

உய்ய்... உய்ய்...

சட்டென்று திரும்பினான். யாரும் இல்லை. அப்பாவின் நாற்காலிதான் இருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றினான். நிசப்தம். மாட்டினான்.

உய்ய்... உய்ய்...

பழைய ஃபைலைப் போட்டுப் பார்த்தான். அதே பாட்டு, அதே வரி. அந்தச் சத்தம் இல்லை. அசலைப் போட்டால், இருந்தது.

அது என்னவென்று புரிந்தது. அப்பாவின் இளைப்பு. கடைசி வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது நின்றுவிடுமோ என்று அவன் எண்ணிக்கொண்டிருந்த அதே மூச்சு.

பாட்டு உச்சத்துக்குப் போனது. குரல் ஒரே சுரத்தில், அறுபடாமல், நீளமாக நின்றது. அது நின்றுகொண்டிருக்கும்போதே, அடியில் அந்த மூச்சு உள்ளே போனது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது.

மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டிருக்கிற மனுஷன், அதே நேரத்தில் எப்படி மூச்சு வாங்குவான்?

தோளில் ஒரு கை விழுந்தது.

“ஐயோ!” என்று அலறிவிட்டான் தம்பி.

அண்ணன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர். மேஜை மேல் இருந்த ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“எதுவரைக்கும் கேட்ட?”

“மூணாவது. அண்ணா... இதுல அப்பா ரெண்டு பேரா இருக்கார்.”

“நிறுத்து. பழையதே இருக்கட்டும்.”

அந்தப் பதற்றத்தைப் பார்த்ததும் தம்பிக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

“அப்ப உங்களுக்குத் தெரியும்! தெரிஞ்சுதான் ஒளிச்சு வச்சிருக்கீங்க. மூச்சு விட முடியாம அவர் திணறியிருக்கார். அந்த நிலைமையிலும் விடாம பாட வச்சிருக்கீங்க. அப்படித்தானே?”

அண்ணன் கண் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருந்தது.

“அழிச்சுடலாம்னு எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். அவரோட மூச்சு இருக்கே இதுல... கை வரலை” என்று மட்டும் முனகினார்.

பாட்டை நிறுத்தக் கையை நீட்டினார். தம்பி தடுத்தான். அந்த இழுபறியில் ஹெட்ஃபோன் வயர் பிடுங்கிக்கொண்டது. பாட்டு ஸ்பீக்கரில் பீறிட்டு, அறை முழுக்க நிறைந்து, கடைசி வரியைத் தொட்டு ஓய்ந்தது.

பழைய ஃபைல் அந்த இடத்தோடு முடிந்துவிடும். அசல் முடியவில்லை.

நாற்காலி கிறீச்சிட்டது. இளைப்பு மைக்குக்குப் பக்கத்தில் வந்தது. பிறகு, காகிதத்தைக் கசக்குவது போல ஒரு குரல். கிழிந்து போயிருந்தாலும் அப்பாவின் குரல்தான்.

“என்னைவிட நல்லாப் பாடுறடா, பெரியவனே. இதுக்காவது உன் பேரைப் போட்டுக்கக் கூடாதா?”

தம்பி நிமிர்ந்து பார்த்தான். அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை.

ஸ்பீக்கரில், இவ்வளவு நேரம் பாடிய அதே குரல் பதில் சொன்னது:

“பேசாதீங்கப்பா, தொண்டை வலிக்கும். ஜனங்க காத்துக்கிட்டிருக்கறது உங்களைக் கேட்கத்தான். அடுத்த பாட்டுக்குப் போகலாம்.”