நீளப் படம்

"பாய், உன் கால்ல வேணா உயுந்துடறேன். அந்தப் படத்த ஒரே ஒரு தபா காட்டு. அது போதும்."

நாகம்மா ஸ்டூடியோவின் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நேற்றும் இதே படி, முந்தாநாளும் இதே படி.

நஜீர் அவள் முகத்தைப் பார்க்காமல், ஏற்கெனவே துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படம் சரியா வரலம்மா. எத்தினி வாட்டி சொல்றது?"

"வரலியா? நீ தரையில பரப்பி வெச்சு ஒட்டிகினு இருந்தத நம்ம கன்னியம்மா பாத்துட்டு வந்து சொன்னாளே. கூவம் ஆறு மொத்தமும் கோரப்பாய் கணக்கா நீட்டமா கீதுன்னாளே."

"ஒட்டு சேரல. அதான்."

"ஒட்டு சேரலன்னா எனக்கின்னா பாய்? நானா அத கண்ணாடிக்குள்ள மாட்டப் போறேன்? எம் புள்ள மூஞ்சி தெரிஞ்சா போதாதா?"

ஸ்டூடியோவுக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் தொங்கிய திரைக்குப் பின்னால் நின்று நசீம் பானு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பருத்திப்பட்டில் கூவம் ஓடுகிற அழகை ஒரே படத்தில் அடக்க முடியவில்லை என்று அவள் புருஷன் நஜீருக்கு ரொம்ப நாளாகக் குறை. கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏழு படம் எடுத்து, ஓரங்களை வெட்டி ஒட்டினால் ஆறு முழுசும் ஒரே படமாகிவிடும் என்பார். மழை விட்ட ஒரு மத்தியானம் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். துணி வெளுக்கிறவர்கள், எருமை குளிப்பாட்டுகிறவர்கள், கீரைக்கட்டு அலசுகிறவர்கள் எல்லோரையும் மணலில் வரிசையாக, ஆற்றுக்கு முதுகு காட்டி, கரையிலிருந்த கேமராவைப் பார்த்து நிற்க வைத்தார். யாராவது நகர்ந்தால் அடுத்த துண்டிலும் அவரே வந்து நிற்பார், படம் கெட்டுவிடும். அதனால் தாம் கையைத் தூக்குகிற வரைக்கும் ஒருத்தரும் அசையவோ திரும்பவோ கூடாது என்று கத்திச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தாராம்.

அன்று பொழுது சாய்ந்து, துணி மூட்டைகளைக் கட்டுகிற நேரத்தில்தான் நாகம்மா தன் மூன்று வயதுப் பெண் அஞ்சலையைத் தேடினாள். மறுநாள் காலையில் ஆற்றில் மணல் அள்ளிய, நீர் நின்ற பள்ளத்திலிருந்து தூக்கினார்கள்.

"எனுக்கு நல்லா ஞாபகம் கீது பாய்," நாகம்மா முந்தானை நுனியைப் பிடித்துக் காட்டினாள். "நீ படம் புடிக்க சொல்ல எம் முந்தானைய புடிச்சிகினு பின்னாலயேதான் நின்னுகினு இருந்தா. அதுக்கப்பறம் எந்நேரம் எங்க போனாளோ, பாவி நான் பாக்கல. ஊட்டுல அவ போட்டோ ஒண்ணுகூட கெடையாது. மாலை போட ஒரு மூஞ்சி இல்லியாடின்னு அவ அப்பன் அழுவறான். எனக்கே இப்பல்லாம் கண்ண மூடுனா பாதி மூஞ்சிதான் வருது பாய். மீதி வரல."

நஜீர் குல்லாவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "இல்லன்னா இல்லம்மா. போ. ஊட்டுக்குப் போ." அஸர் தொழுகைக்கென்று விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டார்.

நசீம் பானுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள். "அந்தப் பொம்பளைக்குக் கொடுத்தா என்னங்க கொறஞ்சு போயிடும்?" என்றதற்கு, "உனக்குத் தெரியாது, விடு" என்பதுதான் பதில். தெரியாதா என்ன? ஒட்டு ஒரு நூல் விலகினாலும் ஊர் சிரிக்கும் என்று, நல்ல படங்களையே கிழித்துப் போட்ட மனுஷன்தானே! பெற்றவள் வயிறு எரிவதைவிட இவருக்கு ஒட்டு பெரிதாகப் போய்விட்டது.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அழாத நாகம்மா. இரு, நான் எடுத்தாறேன்."

"ஐயோ, பாய் வந்து உன்னைத் திட்டுவாரேம்மா!"

"திட்டட்டும். அவர் திட்டறது எனக்கு என்ன புதுசா?"

உள்ளே போய், பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் ஆழமாகச் செருகியிருந்த சுருளை இழுத்தெடுத்து, தரையில் மண்டி போட்டு விரித்தாள்.

"கெடச்சுதாம்மா?" வாசலிலிருந்து குரல் வந்தது. அதில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. "செவப்பு கவுன் போட்டிருப்பா பாரு. உங்க படத்துல அது கறுப்பாத்தான் தெரியும், இல்ல? எண்ணெ வெச்சு ரெட்ட ஜடை போட்டேன் அன்னிக்கி. ஜடை தெரியுதா?"

உள்ளே காகிதம் சரசரப்பது நின்றது.

"ஏம்மா, தெரியுதா?"

வெகு நேரம் கழித்து நசீம் பானு வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

"அவர் சொன்னது நெசந்தான் நாகம்மா. ஒண்ணும் சரியா வரல. அந்த எடத்துல வெளிச்சம் பட்டு வெள்ளையாப் போச்சு."

"எம் புள்ள நின்ன எடமா?"

"ஆமா."

"நான்கூடவா தெரியல?"

"நீகூடத்தான்."

"அதான பாத்தேன். எனக்குன்னு எதுதான் தங்கிச்சு?" என்று நாகம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். பூந்தமல்லி பஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது; அது அடங்கியபோது தெருவில் அவள் இல்லை.

உள்ளே, தரையில் விரித்தபடி கிடந்த படத்தில் ஏழு துண்டும் ஒரு நூல்கூட விலகாமல் சேர்ந்திருந்தன. நடுத்துண்டில் நாகம்மா, சொன்ன சொல் தவறாமல், இம்மி அசையாமல் கேமராவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்கு நாலடி பின்னால், பள்ளத்துத் தண்ணீருக்கு மேலே இரண்டு சின்னக் கைகள் மட்டும் தெரிந்தன.