சாவிக்கொத்து

“உனக்கான குழியை வெட்டியாச்சா?”

மேனேஜர் கேட்டதற்கு, சிஸ்டம் அட்மின் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள். “வெட்டிட்டேன் சார். ‘விடைபெறுவோர்’னு புது குரூப். அதுல இருக்கறவங்களுக்குக் கதவு திறக்காது, மெயில் வராது, கம்ப்யூட்டர் வேலை செய்யாது. தடையை நீங்க ஆன் பண்ணினா போதும்.”

“சபாஷ்! உன் பேரை மட்டும் என் கையாலேயே சேர்க்கிறேன்.”

ஆபீஸில் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். கணக்கு, சம்பளம், கேன்டீன் என்று அவர் உறுப்பினராக இல்லாத குரூப்பே கிடையாது. எந்த குரூப் தொடங்கினாலும் தன் பெயரைத்தான் முதலில் சேர்க்க வேண்டும் என்று அவர் போட்ட உத்தரவின் புண்ணியத்தில் ‘பிரசவ விடுப்பு’ குரூப்பில்கூட முதல் பெயர் அவருடையதுதான்.

இன்னொரு உத்தரவும் உண்டு. குரூப்பிலிருந்து யாரை நீக்குவதானாலும் கம்ப்யூட்டரில் அவர் அப்ரூவல் வந்தாக வேண்டும். வாய்வார்த்தை செல்லாது.

“ஒருத்தரே எல்லாத்துலயும் இருக்கறது ஆபத்து சார். ஒரு குரூப் ‘வா’ன்னு சொல்லும், இன்னொண்ணு ‘போ’ன்னு சொல்லும். சாஃப்ட்வேர் ‘போ’ன்னு சொல்றதைத்தான் கேக்கும்” என்று போன வாரம் அவள் சொன்னாள்.

“எனக்கே ரூல் சொல்றியா?” என்று எகிறியவர், அன்றே அவள் சீட்டைக் கிழிக்க முடிவு செய்துவிட்டார். அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர் விசிலடித்துக்கொண்டே கேபினுக்குப் போனார். பக்கத்து சீட் அக்கவுன்டன்ட் கிசுகிசுத்தார். “கால்ல விழுந்தாவது கேளும்மா.”

“அவர் உத்தரவை ஒண்ணு விடாம செஞ்சிருக்கேன் அண்ணே. அதுக்கு மேல என்ன செய்ய?”

கேபினில் மேனேஜர் தடையை ஆன் செய்தார். சப்புக்கொட்டியபடி அவள் பெயரை அடித்தார்.

‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்றது ஸ்க்ரீன். இன்னொரு முறை அடிப்பதற்குள் அதுவும் அணைந்தது.

வராண்டாவுக்குப் பாய்ந்தார். பின்னால் கேபின் கதவு ‘டிக்’கென்று பூட்டிக்கொண்டது. ஹால் கதவில் கார்டை வைத்தார். சிவப்பு. துடைத்து வைத்தார். அப்போதும் சிவப்பு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மொத்த ஆபீஸும் வேடிக்கை பார்த்தது. கதவோரத்து இன்டர்காமில் கத்தினார்.

“ஏய்! அந்த குரூப்ல என் பேரு எப்படி வந்துச்சு?”

“எந்த குரூப்னாலும் முதல் பேரு உங்களோடதுதானே சார்?”

“உன் பேரு?”

“நீங்கதான் உங்க கையால சேர்க்கறேன்னீங்க. அதான் விட்டுட்டேன்.”

அவருக்கு வேர்த்தது. குரல் தானாக இறங்கியது. “அம்மா தாயே, நீ எங்கேயும் போக வேணாம். முதல்ல என்னை அதுலேர்ந்து தூக்கும்மா.”

“தூக்கிடலாம் சார். கம்ப்யூட்டர்ல மேனேஜர் அப்ரூவல் மட்டும் வரட்டும்.”