பதினோராம் நாள்

பெட்டை நாயின் தலையை என் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்திருக்கிறேன்.

பின்னால் கடுவன் நாய் ஏறித் திரும்பிவிட்டது. இரண்டும் மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்கின்றன. பிரிய இருபது நிமிடமாவது ஆகும். அதற்குள் இவள் இழுத்தால் உள்ளே கிழிந்துவிடும். அதனால் நானும் அசைய முடியாது.

"மாமா, பிடியை விட்டுடாதீங்க," என்கிறான் மாப்பிள்ளை, நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

டாக்டர் என்று சொல்லிக்கொள்கிற எவனையும் நான் நம்புகிறவனில்லை. ஆனால் போன தடவை குட்டி குறுக்கே சிக்கி, இவள் வயிற்றைக் கிழித்து எடுத்தவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். "பெரியவரே, இன்னொரு தடவை வயிறு நிறைஞ்சா இந்தத் தையல் தாங்காது. போயிடும்."

மாப்பிள்ளையிடம் சொன்னேன். சிரித்தான்.

மகளிடம் சொன்னேன். "அவர் வீடுப்பா," என்றாள். நானும் அந்த வீட்டில்தான் சாப்பிடுகிறேன்.

நாய் வளர்க்கிறவனுக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. பெட்டை தீட்டாகி, தரையில் ரத்தம் பார்த்த அன்று முதல் நாள். பதினோராம் நாள் கடுவனிடம் விட வேண்டும். அதைத் தாண்டி நாலைந்து நாள் போய்விட்டால் பெட்டை உட்கார்ந்துகொள்ளும், கடித்துத் துரத்தும். அப்புறம் ஆறு மாதம் சும்மா கிடக்க வேண்டியதுதான்.

மாப்பிள்ளை காலண்டரில் வட்டம் போட்டு எண்ணுகிறவன். இன்றைக்குப் பதினொன்று.

ஒவ்வொரு தடவையும் இவளைத் தூக்கி நிறுத்துவதற்குள் எனக்கு முதுகு விட்டுப்போகும். உறுமுவாள், நெளிவாள். இன்றைக்குக் கடுவன் கிட்டே வந்ததும் தானாகவே வாலை ஒதுக்கிக்கொண்டு கல் மாதிரி நின்றாள்.

கடுவனின் சொந்தக்காரன் குந்தி உட்கார்ந்து அதைத்தான் பார்க்கிறான்.

"மூணு தடவை வந்திருக்கேன், இவ இப்படி நின்னதே இல்லை. இன்னைக்குத்தான் சரியான நாள். முன்னெல்லாம் ஒண்ணு ரெண்டு குட்டின்னு போட்டுக்கிட்டிருந்தா. இந்தத் தடவை எட்டுக்குக் குறையாது, எழுதி வச்சுக்குங்க."

"எப்பவும் போல அதே பதினோராம் நாள்தாண்ணே," என்கிறான் மாப்பிள்ளை. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் மூச்சு என் உள்ளங்கையில் சுடுகிறது. நான் தலையை நிமிர்த்தவில்லை.

இன்றைக்குப் பதினொன்று இல்லை, பதினைந்து. முதல் நாலு நாள், அவன் எழுந்திருப்பதற்கு முன்னால், நான்தான் தவழ்ந்து தவழ்ந்து தரையில் ரத்தத்தைத் துடைத்தேன், இவள் நாள் தவறிப்போகட்டும் என்று.

இவளுக்குச் சரியான நாளே பதினைந்துதான் என்பது இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

எனக்கும்தான், இன்றைக்கு வரை.