மண்டப வாசலில் வந்த காய்ச்சல்

நஞ்சுண்டன் கையிலிருந்த காய்ச்சல் பார்க்கும் கருவியில் பேட்டரி இல்லை. அது அவருக்கும் மனைவி புவனாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

மகள் கனிஷ்காவின் கல்யாணம். கொரோனா காலம் என்பதால் மண்டபத்துக்குள் ஐம்பது பேருக்குத்தான் அனுமதி. மாப்பிள்ளை வீடோ பெரிய இடம். யாரை உள்ளே விடுவது, யாரை வாசலோடு அனுப்புவது என்று பெண்ணைப் பெற்றவர்தான் முடிவு செய்தாக வேண்டும். வாய்விட்டுச் சொன்னால் பகை. கருவி சொன்னால் சுகாதாரம்.

பல்லடத்திலிருந்து பஸ் மாறி வந்து இறங்கினாள் சாந்தாமணி. நஞ்சுண்டனின் சித்தப்பா மகள். கோழிப்பண்ணையில் வேலை. மூக்கு மூடிய மாஸ்க்கோடு, தள்ளியே நின்றாள்.

"நல்லாருக்கீங்களாண்ணா? கனிஷ்காவுக்கு அட்சதை போட்டுப்போட்டு உடனே கெளம்பீர்றனுங்க."

நஞ்சுண்டன் கருவியை அவள் நெற்றிக்கு நேராக நீட்டினார். பிறகு அதை உற்றுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சூடு காட்டுது அம்மணி."

"எனக்கு ஒண்ணும் பண்ணலீங்களே."

"உனக்குத் தெரியாது. உள்ளுக்குள்ள இருக்கும். நாலு பேரு நல்லா இருக்கோணுமில்ல? ஊட்டுக்குப் போயி ரெஸ்ட் எடு."

சாந்தாமணி ஒரு கணம் அந்தக் கருவியையே பார்த்தாள்.

"சரிங்ணா."

கொண்டுவந்த குத்துவிளக்கை மேசைமேல் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

அடுத்து ஒரு பெரிய கார். மாப்பிள்ளையின் பெரியப்பா, மில் முதலாளி. அவருடைய மாஸ்க் தாடையைப் பத்திரமாகக் காத்துக்கொண்டிருந்தது. இறங்கும்போதே இருமல்.

"ஏசி ஒத்துக்கலையாட்ட இருக்குதுங்க" என்று நஞ்சுண்டனே நோய்க்குப் பெயரும் வைத்தார். கருவியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார். சானிடைசர்கூட நீட்டவில்லை. பெரிய மனிதர் கையில் அதையெல்லாம் ஊற்றலாமா?

அடுத்த வாரம் நஞ்சுண்டன் வீட்டு வாசலில், கொரோனா வந்த வீடென்று தகரம் அடித்திருந்தார்கள். அவரும் புவனாவும் ஆளுக்கொரு அறையில் முனகிக் கிடந்தார்கள். சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டால், "உங்க சைடு ஆளுகதான் ஒட்டவெச்சுப்போட்டாங்க" என்று குற்றச்சாட்டு. முன்வரிசைக்காரர் போனையே எடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஜன்னலைக்கூடச் சாத்திக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம் வெளியே குரல் கேட்டது.

"ஏனுங்ணா..."

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். தகரத்துக்கு அந்தப் பக்கம் சாந்தாமணி. முட்டை வண்டியில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். தூக்குப்போசியைத் தகரத்துக்குக் கீழே உள்ளே தள்ளிவிட்டு, பின்வாங்கி நின்றாள்.

"நாட்டுக்கோழிச் சாறுங்ணா. அண்ணிக்கும் குடுங்க. நாளைக்கும் கொண்டாறனுங்க."

நஞ்சுண்டன் குனிந்து தூக்குப்போசியை எடுத்துக்கொண்டார். அந்த நிலைமையிலும் கௌரவத்தை விட மனசு வராமல், "உனக்கு இப்பக் காச்சல் எப்பிடி இருக்குது அம்மணி?" என்று கேட்டுவைத்தார்.

"பயப்படாமக் குடிங்ணா" என்றாள் சாந்தாமணி. "எனக்குக் காச்சல் இல்லீங்க. அன்னைக்கும் இல்லீங்க."